புதன் சந்தையில் யார் கை

மதுரையில் பிறந்து வளர்ந்தவன் நான். சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று நான்கு நான்காகப் பதினாறு வீதிகளும் எனக்கு மனப்பாடம். எந்த மூலையில் எத்தனை பலசரக்குக் கடை என்று கேட்டால் நின்ற இடத்தில் சொல்லுவேன். அப்படிப்பட்டவனுக்கு, தெற்குவாசலில் என் வீட்டிலிருந்து ஒரு மைல் கூட இல்லாத தூரத்தில், ரயில்வே கேட்டைத் தாண்டிய புளியந்தோப்பில், புதன்கிழமைதோறும் ஒரு சந்தை கூடுகிறது என்பது நாற்பத்தொரு வயது வரை தெரியாது. வாடிப்பட்டியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த என் மனைவிக்குத் தெரிந்திருந்தது. இப்போது நினைத்தாலும் எனக்கு அது ஒப்பவில்லை.

யுத்தம் தொடங்குவதற்கு முந்திய ஒரு பங்குனி மாதம். பசுமலையில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் கிணறு வற்றிவிட்டது. பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை, தூர் வாரி முடிக்கும் வரை வகுப்பு இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருந்தது. அடுத்த வீட்டு அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, புதன்கிழமையல்லவா, சந்தைக்குப் போயிருப்பாள், தெரியாதா என்று கேட்டாள். தெரியும் என்று சொல்லிவிட்டு வழி தெரியாமல் நடந்தேன். தலைச்சுமைக்காரர்கள் போன திசையே வழியாயிற்று.

தோப்பில் இருபத்திரண்டு கடைகள் இருந்தன. கடை என்றால் தரையில் விரித்த சாக்குதான். முடிச்சிட்டுச் சாயம் தோய்த்த சுங்குடிச் சேலையை இருவர் பிடித்து இழுக்க, முடிச்சுகள் படபடவென்று தெறித்துப் புள்ளி புள்ளியாக விரிந்தது. மண்சட்டி, பாய், மரச்செப்பு ஒரு பக்கம். கருப்பட்டி, அதிரசம், பருத்திப்பால் ஒரு பக்கம். ஆனால் ஒருவரும் எதையும் விற்கவில்லை. எல்லோரும் கேட் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பனையோலைக் கொட்டான் விற்கிறவன் ஒருவன், என் வயதுதான் இருக்கும், தலைமுடி மட்டும் என்னுடையதைவிட அடர்த்தி. மூடி போட்ட சிறு கொட்டான் பெட்டி ஒன்றை எடுத்து விலை கேட்டேன். கையிலிருந்து மெதுவாக வாங்கித் திரும்ப வைத்தான்.

“கொஞ்சம் பொறுங்கண்ணே. இன்னும் போணி ஆகலை. வாத்தியாரம்மா வரணும்.”

எந்த வாத்தியாரம்மா என்று கேட்டேன்.

“தெக்குவாசல் வாத்தியாரம்மா. அவுக கையால முதல் காசு விழுந்தா உச்சிப் பொழுதுக்குள்ள கடை காலி. வேற கையில வாங்க மாட்டோம், கோவிச்சுக்கிடாதீக.”

தெற்குவாசலில் அப்போது வாத்தியார் நான் ஒருவன்தான். என் உத்தியோகத்தால் வந்த பெயரைச் சொல்லி என் காசையே வேண்டாம் என்கிறான். புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

என் மனைவி வந்தாள். ஒவ்வொரு சாக்காக நின்று காலணா கொடுத்து ஏதாவது சிறிதாக வாங்கினாள். ஒவ்வொருவரும் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எல்லோரிடமும் பேசினாள். வீட்டில் ஒரு நாளைக்குப் பேசுகிறதைப்போல் பத்து மடங்கு பேசினாள். கொட்டான்காரனிடம் வந்தபோது அவன் குரல் எனக்கு நன்றாகவே கேட்டது.

“என்ன மதினி, அண்ணே இன்னும் வெண்டிக்காயை எண்ணித்தான் வாங்குறாகளா?”

“வெண்டிக்காயா? அதுக்குள்ள இருக்கிற விதையையும் எண்ணச் சொன்னா எண்ணுவாக.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, முந்தானையால் வாயை மூடக்கூட மறந்து சிரித்தாள். எனக்கு மூன்று தம்பிகள். மூவரும் அவளை மதினி என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒருவனிடமும் அப்படிச் சிரித்ததில்லை. என்னிடம் சிரித்தாளா என்று அன்று முழுவதும் யோசித்தேன். சாயங்காலம், எங்கே போயிருந்தாய் என்று கேட்டேன். கடைக்கு என்றாள். ஒரு சொல்.

அந்த வாரம் முழுவதும் எனக்கு ஒரே கணக்குதான். அவள் எதிரில் அந்தச் சந்தையில் ஒரு கடையாவது என் கையால் போணி ஆகவேண்டும், உச்சிப் பொழுதுக்குள் அது காலியாகவேண்டும். வேறு எண்ணமே இல்லை. கிணறும் தூர் வாரி முடியவில்லை. அடுத்த புதன்கிழமை திருப்பரங்குன்றம் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அவளுக்கு முன்பே தோப்புக்குப் போய்விட்டேன்.

வரிசையின் கடைசியில் சந்தைக்குப் புதியவன் ஒருவன், பெரிய மீசைக்காரன், இரண்டு கூடை வெள்ளரிப்பிஞ்சோடு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு வாத்தியாரம்மாவைத் தெரியாது. ஓரணா கொடுத்து ஒரு கூறு வாங்கினேன். காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நான் மரத்தடிக்குப் போனேன்.

அவள் வந்தாள், வரிசையாகப் போணி செய்தாள். மீசைக்காரனுக்குப் போணி ஆகிவிட்டது என்று அறிந்து நிற்காமல் போய்விட்டாள். பிறகு கூட்டம் வந்தது. அதிரசம் தீர்ந்தது, மண்சட்டி தீர்ந்தது. கொட்டான்காரன் சாக்கை உதறி மடித்தான். வெள்ளரிப்பிஞ்சுப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. வெயில் ஏற ஏறப் பிஞ்சுகள் சுருங்கின. மீசைக்காரன் துணியை நனைத்து நனைத்துப் போட்டான். யார் போணி என்று கொட்டான்காரன் அவனைக் கேட்டதும், அவன் என் மரத்தைக் கை காட்டியதும் தெரிந்தது. கொட்டான்காரன் என்னைப் பார்த்தான். மடித்த சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டான். ஏதாவது சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

நேரே மீசைக்காரனிடம் போய் மிச்சம் எல்லாவற்றையும் கேட்டேன்.

“அம்புட்டுமாண்ணே?”

“அம்புட்டும்.”

உச்சிப் பொழுதுக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. கடை காலி. கொட்டான்காரன் பார்க்கும்படி தோப்பின் நடுவாகவே நடந்தேன். என் பின்னால் மீசைக்காரன் ஒரு கூடைமேல் இன்னொன்றாகத் தலையில் சுமந்து வந்தான். வீட்டுத் தாழ்வாரத்தில் கொட்டிவிட்டு, அடுத்த வாரமும் நீங்கதான் போணி பண்ணணும், ராசியான கை என்று கும்பிட்டுப் போனான்.

என் மனைவி அந்தக் குவியலை வெகு நேரம் பார்த்தாள்.

“எத்தனைன்னு எண்ணுனீகளா?”

இல்லை என்றேன். எண்ண மறந்திருந்தேன்.

“போன வாரமும் அந்தப் புளியமரத்துக்குப் பின்னாலதான நின்னீக? வேட்டி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தெரிஞ்சுச்சு.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அதே சிரிப்பு, தலை சாய்ந்தது, முந்தானை மறந்தது. என் வீட்டுத் தாழ்வாரத்தில், எனக்காக. கொஞ்ச நேரம் மனம் குளிர்ந்திருந்தது. பிறகு, அடுத்த வாரம் இதையும் அந்தக் கொட்டான்காரனிடம் சொல்லித்தானே சிரிக்கப்போகிறாள் என்று தோன்றியது. குளிர்ச்சி போய்விட்டது.

நான்கு நாள் வெள்ளரிப்பிஞ்சுதான் தின்றோம். தம்பி வீடுகள் மூன்றுக்கும் கொடுத்தனுப்பினோம்.

கிணறு ஊறிப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. மறு புதன்கிழமை காலையில் நான் தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்தபோது அவள் கையை நீட்டினாள்.

“ஓரணா குடுங்க. மீசைக்காரன் உங்க கைக்காகக் காத்துக்கிட்டு இருப்பான்.”

கொடுத்தேன். அன்று வகுப்பில் வாய்ப்பாட்டில் இரண்டு இடத்தில் தப்பினேன். சாயங்காலம் வந்ததும் வராததுமாகக் கேட்டேன். உச்சிக்கு முன்பே இரண்டு கூடையும் தீர்ந்துவிட்டதாம். மீசைக்காரனுக்கு ஒரே சந்தோஷமாம்.

யார் கை ராசி என்று சொன்னான் என்று கேட்டேன்.

“வாத்தியார் வீட்டுக் கைன்னான்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வாத்தியார் வீட்டில் கைகள் நான்கு. எது என்று அவள் கேட்டு வந்திருக்கலாம்.