கத்த முடியாத இடம்

என் மகளின் கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு குடும்பமும் ஒருநாள் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று முடிவானபோது, எங்கே என்பதில்தான் தகராறு. மந்தைவெளியில் இருக்கும் என் ஃப்ளாட்டுக்கு அவளுடைய அப்பா வரமாட்டார். விவாகரத்தாகி இருபத்து நாலு வருஷத்தில் ஒருதடவைகூட என் வாசற்படியை மிதித்ததில்லை. அவர் வீட்டுக்கு நான் போவதாவது! சம்பந்தி வீடு அடையாறில். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே கை நனைக்கக் கூடாது என்று நானே ஒரு சாஸ்திரத்தை எடுத்துவிட்டேன். கடைசியில் என் மகள் ஆழ்வார்பேட்டையில் ஒரு இத்தாலிய ரெஸ்டாரண்டில் இடம் பிடித்தாள்.

"ஏழு கோர்ஸ்மா. எல்லாம் சைவம். நீ சும்மா வந்து உட்கார்ந்தாப் போதும்" என்றாள்.

நான் சும்மா உட்காரப் போகவில்லை. அவளிடம் ஒன்று கேட்கப் போனேன்.

கன்னிகாதானத்தில் பெண்ணை அப்பா மடியில் உட்கார வைத்துக்கொள்வார், அம்மா பக்கத்தில் நின்று தண்ணீர் வார்ப்பாள். எங்கள் வீட்டில் அந்த ஜோடி ஏது? மூன்று வயதுக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவள் நான். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து, சாயங்காலம் ட்யூஷன் எடுத்து, அவளை ஆளாக்கியவள் நான். அந்த மடி என் மடியாக இருக்கக் கூடாதா என்று எனக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. ஆசை வந்தால் நான் சும்மா இருக்கிற ஜாதி இல்லை. நேரே கல்யாணம் பண்ணிவைக்கிற வாத்தியாரிடம் போனேன்.

"நான் ஒண்டியா உட்கார்ந்து, என் மடியில அவளை வெச்சுண்டு தாரை வார்க்கலாமா?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். மறுபடி கழற்றினார். "மனசிருந்தா வழியுண்டு மாமி. பொண்ணு தன் வாயால சரின்னு சொல்லட்டும், நான் பண்ணி வெக்கறேன்" என்றார்.

மாட வீதியில் நடந்து வந்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மகள் பெங்களூரில் வேலையில் இருந்தாள். ஃபோனில் கேட்டிருக்கலாம். ஆனால் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும் போல் இருந்தது. அந்த விருந்துக்காகக் காத்திருந்தேன்.

மேஜையில் எட்டு நாற்காலி, நாங்கள் ஏழு பேர். மாப்பிள்ளையும் பெண்ணும், சம்பந்தியும் சம்பந்தி மாமியும், மகளின் அப்பாவும் அவருடைய இரண்டாவது மனைவியும். மூன்று ஜோடி, ஓரத்தில் நான். எனக்கு எதிரே ஆள் இல்லை என்று தெரிந்ததும் வெயிட்டர் வந்து அந்தத் தட்டையும் முள்கரண்டியையும் எடுத்துக்கொண்டு போனார். அந்த இரண்டாவது மனைவியை நான் அன்றுதான் பக்கத்தில் பார்த்தேன். என்னை "அக்கா, அக்கா" என்றாள். நல்லவளாகவும் இருந்து தொலைத்தாள்.

எல்லாரும் என்னைத் தாங்கினார்கள். "மாமி, உங்களுக்கு வெளிச்சம் கண்ணைக் கூசறதா?" என்றாள் சம்பந்தி மாமி. இருபத்து நாலு வருஷமாக ஒரு வார்த்தை பேசாத மனிதர், "முட்டி வலி தேவலையா?" என்றார். நான் ரிடையர் ஆன அன்றுகூட எனக்கு இவ்வளவு உபசாரம் நடந்ததில்லை. கொஞ்சம் தலைக்கனமே வந்துவிட்டது, ஒளிப்பானேன்?

முதலில் ரொட்டி, தொட்டுக்கொள்ள எண்ணெய். அதற்கப்புறம் சூப். மூன்றாவது வருவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு நானே கெடு வைத்திருந்தேன். வந்தது, சோமாசி மாதிரி உள்ளே பூரணம் வைத்த மூன்று துண்டு. ஸ்பூனையும் முள்கரண்டியையும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு மகள் பக்கம் திரும்பி, "கண்ணா, உன்கிட்ட ஒண்ணு" என்று ஆரம்பித்தேன். அதற்குள் தட்டு காணாமல் போயிற்று.

"ஐயோ, நான் இன்னும் வாயிலேயே வெக்கலையே!"

இரண்டையும் சேர்த்து வைத்தால் சாப்பிட்டு முடித்தாயிற்று என்று அர்த்தமாம். மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார். இலையென்றால் நாம் எழுந்திருக்கும்வரை எவனாவது கை வைப்பானா? எல்லாரும் சிரித்தார்கள். அந்த நகைச்சுவைக்குத் தேவையானதைவிட அதிகமாகவே சிரித்தார்கள். வேறு தட்டு வந்தது. என் கேள்வி அப்படியே நின்றுவிட்டது.

நாலாவது, பூசணிக்காய் போட்ட குழைந்த சாதம். பொங்கல் செய்யத் தெரியாதவர்கள் செய்த பொங்கல். ஐந்தாவதும் ஆறாவதும் வந்து போயின, என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. பக்கத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள், எதிரே இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். என் எதிரே சுவர். அப்போது மகள் எழுந்தாள்.

"அம்மா, கை அலம்பிண்டு வரலாமா?"

தெய்வமே வழி விட்டது என்று நினைத்து எழுந்து பின்னாலேயே போனேன். கை கழுவும் இடத்தில் ஒரு பெண் கண்ணாடியைப் பார்த்து உதட்டுச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"அம்மா, கன்னிகாதானத்துக்கு அப்பாவும் சித்தியும் உட்கார்றா. போன மாசமே பேசி முடிச்சாச்சு."

சித்தி. அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

"என்கிட்ட ஏன்டி சொல்லலை?"

"ஆத்துல சொன்னா நீ கத்துவே. அதுக்குத்தாம்மா இந்த டின்னரே. எல்லாருமா யோசிச்சு..." நிறுத்தினாள். கண் ததும்பியிருந்தது. "கத்தாதேம்மா, ப்ளீஸ்."

பத்தாம் வகுப்பு அரைப் பரீட்சையில் கணக்கில் தோற்றதை நிற்க இடமில்லாத பஸ்ஸில் வைத்துச் சொன்னாள். பெங்களூரில் வேலை கிடைத்ததைப் பிரதோஷக் கூட்டத்தில் பிரகாரம் சுற்றும்போது சொன்னாள். இந்தப் பையனைப் பற்றிச் சொன்னது தி. நகர் ஜவுளிக் கடையில், விற்கிற பெண் எதிரே புடவையை விரித்துக்கொண்டிருந்தபோது. குழந்தைக்கு ஜன சந்தடி பிடிக்கும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மக்கு, மக்கு! கணக்கு டீச்சராம்!

என் தொண்டை பெரியது. தனியாகப் பெண்ணை வளர்க்கிறவள் மெதுவாகப் பேசினால் ஊர் ஏறி மிதித்துவிடும் என்று நினைத்தேன். ஊரைப் பார்த்து நான் கத்தியதெல்லாம் வீட்டுக்குள் இருந்த ஒரே ஆள் காதில்தான் விழுந்திருக்கிறது.

அப்போதும் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். பயந்துபோய்ச் சொல்லியிருப்பாள். அப்படி வந்த சரியை மடியில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

"சரிடி" என்றேன்.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். மூக்கைத் துடைச்சுக்கோ. ஸ்வீட் வந்துடும்."

கட்டிக்கொண்டாள். உதட்டுச் சாயக்காரி கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துச் சிரித்தாள். யாரோ சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைத்திருப்பாள்.

மேஜைக்குத் திரும்பும்போது மகள் ஓர் அடி முன்னால் போய், அவர்களைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள். சம்பந்தி மாமி "அப்பாடா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். மகளின் அப்பா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். நாதஸ்வரம் யாருக்குச் சொல்வது, ஜானவாச ஊர்வலத்துக்கு எந்தக் கார் என்று எல்லாரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த மேஜைக்கு அப்போதுதான் கல்யாணக் களை வந்தது.

ஏழாவதாக, காப்பி வாசனையோடு குளிர்ந்த இனிப்பு ஒன்று சின்னக் கிண்ணங்களில் வந்தது. மகள் குனிந்து வேகவேகமாகச் சாப்பிட்டாள். இதுவரை வந்த ஆறு தட்டிலும் அவள் ஒரு வாய்கூடச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாவம், அவ்வளவு பசி. தன் கிண்ணத்தை வழித்து முடித்துவிட்டு, மாப்பிள்ளையிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே, என்னைக் கேட்காமலேயே என் கிண்ணத்தையும் இழுத்து வைத்துக்கொண்டாள்.