கண்டல் சாயம் பூசிய வெள்ளை நீர்நாய்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆரையம்பதிக் கரையில் என் கையால் கட்டிய தோணி நாலு. கடல் வந்து எல்லாவற்றையும் கொண்டுபோன பிறகு ஒருவரிடமும் கை நீட்டாமல் வீட்டையும் மீன் காயவைக்கிற வாடியையும் எழுப்பினேன். இவற்றோடு ஒரு வெள்ளை நீர்நாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதையும் உருவாக்கியவன் நான்தான்.

தாய் நீர்நாய் ஒரு வலையில் சிக்கி, மூழ்கிச் செத்துக் கிடந்தது. பக்கத்தில், வாவித் தண்ணீரில் நின்ற கண்டல் மரத்தின் வேருக்குள் குட்டி கத்தியது. பால் வெள்ளை. அப்படியொன்றை வாவியில் எவரும் கண்டதில்லை. மாட்டுப்பால் கொடுத்தேன், கழிந்தது. ஆட்டுப்பாலில் தேறியது.

"எனக்கு வெறுந்தேத்தண்ணி, உங்கட மகாராசாவுக்கு ஆட்டுப்பாலோ?" என்றாள் மனைவி. ஆனால் தன் பழஞ்சேலையில் அதைச் சுற்றி வைத்தவளும் அவள்தான்.

நீந்தப் பழக்கியபோது பருந்துகள் வட்டமிட்டன. கலங்கல் தண்ணீரில் அந்த வெள்ளை தூரத்துக்கே தெரிந்தது. மீனுக்குத் தெரியாமலிருக்க வெள்ளை நூல் வலையைக் கண்டல் பட்டை அவித்த சாயத்தில் தோய்ப்பது எங்கள் பழைய வேலை. அதே சாயத்தை ஆறவைத்துக் குட்டிக்குப் பூசினேன். சேற்று நிறமாகிவிட்டது. அதற்குப் பிறகு பருந்து திரும்பியும் பார்க்கவில்லை. படித்த எவனுக்கு இந்த யோசனை வரும்?

தானாக மீன் பிடிக்கத் தொடங்கியதும் விலங்குப் பராமரிப்பு நிலையத்தில் ஒப்படைத்தேன். சிரிப்பார்களென்று சாயத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அதுதான் நான் விட்ட பிழை. அவர்கள் அதைக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் வாவியில் விட்டார்கள்.

அடுத்த வருடம் அங்கே காலில் காயத்தோடு ஒரு வெள்ளை நீர்நாயைப் பிடித்துவந்து கூண்டில் வைத்து, நிலைய வாசலில் பலகையும் நட்டார்கள். எழுத்துக் கூட்டி வாசித்தேன். அரிய உயிரினமாம், கண்டெடுத்துக் காப்பாற்றியது நிலையமாம்.

"தம்பி, இது நான் வளர்த்த குட்டி," என்றேன் அலுவலரிடம்.

"நீங்க தந்தது மண்ணிறம் ஐயா. பதிவில கிடக்கு."

"அது நான் பூசின சாயம்! பழைய மயிர் உதிர, சாயமும் போயிட்டுது!"

"நீர்நாய்க்குச் சாயமோ? மிச்சத்த உங்கட தலையில பூசியிருக்கலாமே!"

நான் நாக்கைச் சொடுக்கினேன். மீன் ஊட்டும்போது கூப்பிடுகிற சத்தம். அது கம்பியடிக்கு ஓடிவந்தது.

"உங்களில மீன் வெடுக்கு அடிக்குது ஐயா, அதான் வருகுது."

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

மேலே ஒரு வலை என்றேன் அல்லவா, அது என் வலைதான். பலகையில் அதையும் எழுதுங்கள். தாயைக் கொன்றது இவன் வலை, குட்டியை வளர்த்தது இவன் கை என்று இரண்டையும் எழுதுங்கள். என் பங்கு இல்லாத பலகை அந்த வாசலில் நிற்கக்கூடாது.