சேவைக் கட்டணம் பத்து வீதம்

திருகோணமலை நகரத்துக்கு வடக்கே, கடற்கரையோடு ஒட்டிய ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறவள் நான். லிங்கநகரிலிருந்து தினமும் போய்வருகிறேன். விருந்தினர் வந்தால் அறைக்கதவின் திறப்பைக் கொடுப்பேன், புறப்பட்டால் பில்லைக் கொடுப்பேன். அறை வாடகை, சாப்பாடு எல்லாவற்றையும் கூட்டிய பிறகு, அடியில் சேவைக் கட்டணம் என்று பத்து வீதம், நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய், சேரும். அது முதலாளியின் காசு இல்லை. வேலை செய்கிற எங்களுக்கென்று விருந்தினர் தருகிற காசு. மாதம் முழுக்கச் சேர்ந்ததை ஆட்களின் எண்ணிக்கையால் பிரித்துச் சம்பளத்தோடு தருவார்கள். மனேஜருக்கும் ஒரு பங்கு, கக்கூஸ் கழுவுகிறவருக்கும் ஒரு பங்கு. இரண்டும் ஒரே அளவு.

இந்த முறையை யார் தொடக்கி வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் சேர்ந்தபோதே அப்படித்தான் இருந்தது. யாரும் அதைப் பெரிதாக எண்ணியதுமில்லை. மனேஜர் அதிலே கை வைக்கும்வரைக்கும் நானும் எண்ணவில்லை.

அறைகளைத் துப்புரவாக்கும் பெண்களில் ஒருவர் ஈச்சிலம்பற்றிலிருந்து வந்த அக்கா. அவருடைய கணவர் கடல் தொழில் செய்தவர், முதுகில் அடிபட்ட பிறகு போவதில்லை. இரண்டு பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள். அக்கா நகரத்தில் வேறு பெண்களோடு சேர்ந்து ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார், லீவு நாட்களில்தான் ஊருக்குப் போவார். வாய் ஓயாது. விருந்தினர் விட்டுப்போன வாசனைச் சவர்க்காரங்களை ஒவ்வொன்றாக மூக்கில் பிடித்துப் பார்த்து, "இதைப் போட்டுக் குளிச்சவர் பாவம்" என்று தீர்ப்புச் சொல்வார். அவர் நடைபாதையில் வருகிறார் என்பது சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

நாடு கடனில் முறிந்து, பெற்றோலுக்கும் சமையல் காஸுக்கும் சனம் வரிசையில் காய்ந்த அந்த நாட்களில் ஹோட்டலுக்கு ஒரு காகமும் வரவில்லை. மனேஜர் எங்களைச் சாப்பாட்டறையில் கூட்டினார். அவர் கொழும்பில் வளர்ந்த தமிழர், மெதுவாகத்தான் கதைப்பார். "கஷ்டம் எல்லாருக்கும்தான். அதனால எல்லாரும் சமமாத் தாங்குவோம். எனக்கும் பாதிச் சம்பளம், உங்களுக்கும் பாதிச் சம்பளம்" என்றார். நாங்கள் தலையாட்டினோம். பாதி என்ற சொல் கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் மனேஜரின் பாதியில் அவருடைய பிள்ளைகள் காசு கட்டிப் படிக்கிற பள்ளிக்கூடத்துக்குத் தொடர்ந்து போனார்கள். அக்காவின் பாதி, பஸ் கட்டணம் போக, சாப்பாட்டுக்கே காணவில்லை. ஹோட்டலில் தருகிற மத்தியானச் சோற்றில் கொஞ்சத்தை அவர் பையில் கட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். குசினியில் பெரிய சமையல்காரரான கிண்ணியா நானாவும் பார்த்தார்; கிண்ணியாவிலிருந்து வருகிற முஸ்லிம் என்பதால் அவரை எல்லாரும் நானா என்போம். காஸ் இல்லாமல் பின்வளவில் விறகு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்த அந்த மனிதர், அதற்குப் பிறகு அக்காவின் பீங்கானில் சோற்றைக் குவித்துப் போடத் தொடங்கினார்.

பிறகு நிலைமை மாறியது. வெள்ளைக்காரர் வந்தார்கள், கொழும்புக்காரர் வந்தார்கள், கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் எங்கள் ஆட்கள் வந்தார்கள். ஒரு சீசனில் அறைகள் நிரம்பி வழிந்தன. சேவைக் கட்டணப் பங்கு அடிப்படைச் சம்பளத்தையே தாண்டியது. அக்கா மூத்த மகளை ரியூசனுக்கு விட்டார். எனக்கு ஒரு புதுக் கதிரை செற் வாங்கலாம் போலிருந்தது. அப்போதுதான் மனேஜர் மறுபடியும் எங்களைச் சாப்பாட்டறைக்குக் கூப்பிட்டார்.

இனிமேல் பங்கு சமமாகப் பிரிக்கப்படாதாம். புள்ளி முறையாம், புள்ளி கூடினால் பங்கும் கூடுமாம். துப்புரவு செய்கிறவர்களுக்கும் தோட்ட வேலைக்காரருக்கும் ஒரு புள்ளி. சமையல், பரிமாறுகிறவர்கள், எங்களைப் போன்ற மேசைக்காரர் அதற்கு மேல். மனேஜர்மார் எல்லாருக்கும் மேலே, பத்துப் புள்ளி.

"பொறுப்புக்கு ஏத்த மாதிரித்தான் பங்கு இருக்கணும்" என்றார் மனேஜர். "நல்ல ஆட்கள் மாலைதீவு ஹோட்டல்களுக்குப் போயிட்டா ஹோட்டல் படுத்திடும். ஹோட்டல் படுத்தா எதைப் பிரிக்கப் போறீங்க?"

நானா எழும்பினார். "சேர், அண்டைக்குச் சம்பளத்த வெட்டக்குள்ள பொறுப்புப் பாத்தா வெட்டினீங்க? எல்லாருக்கும் சமமாத்தானே வெட்டினீங்க?"

"அது வேற நிலைமை, நானா."

"எங்களுக்கு என்ன வேற? அதே வயிறுதானே இருக்கு."

சிலர் சிரித்தார்கள். மனேஜர் சிரிக்கவில்லை. நட்டம் வந்தபோது நாங்கள் எல்லாரும் சமம். இலாபம் வந்தபோது ஒருவர் ஒரு புள்ளி, இன்னொருவர் பத்துப் புள்ளி. தொலைக்காட்சியில் பொருளாதாரம் பேசுகிறவர்களும் வருடக்கணக்காக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய காசுக்காரரிடம் கூடுதலாக வரி கேட்டால் அவர்கள் காசைத் தூக்கிக்கொண்டு வெளிநாட்டுக்குப் போய்விடுவார்களாம். ஆகவே பிள்ளைகளின் கொப்பிக்கு வரி, சவர்க்காரத்துக்கு வரி, குடை வாங்கினால் வரி. அக்காவும் முதலாளியும் ஒரே சவர்க்காரத்துக்கு ஒரே வரி கட்டலாம், அப்போது மட்டும் சமம் என்ற சொல் அவர்களுக்கு இனிக்கிறது. அக்கா எங்கும் தூக்கிக்கொண்டு ஓட மாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும்.

புது முறைக்குச் சம்மதம் கேட்டு எங்களை ஒவ்வொருவராக மனேஜரின் அறைக்குக் கூப்பிட்டார்கள். என் முறை வந்தபோது மனேஜர் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். அதற்கு முன் எனக்கு அந்த அறையில் தேத்தண்ணி கிடைத்ததில்லை.

"மிஸ், உங்களுக்கு இதில லாபம்தான். நீங்க ஏன் அவங்களோட சேர்ந்து நிக்கிறீங்க?"

"எனக்குக் கூடுற காசு எங்கயிருந்து வருது, சேர்?"

"அது ஒரு கணக்கு."

"அக்காட பங்கிலயிருந்துதானே வருது?"

அவர் கைபேசியை எடுத்துப் பார்த்தார். நான் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பி வந்தேன். என்னோடு மேசையில் இருந்த மற்றப் பெண் சம்மதித்துவிட்டாள். அவளுக்குக் கலியாணம் நெருங்கியிருந்தது. நான் அவளோடு அன்றைக்கு முழுவதும் கதைக்கவில்லை.

அடுத்து வந்த நீண்ட விடுமுறையில் அறைகள் எல்லாம் முன்பதிவாகியிருந்தன. காலையில் ஒரு கூட்டம் புறப்பட்டது. மத்தியானம் அடுத்த கூட்டம் வரவேண்டும். அந்த இடைவெளியில்தான் கட்டில்களுக்கு விரிப்புச் சீலை மாற்றி, துவாய் மாற்றி, குளியலறை கழுவ வேண்டும். அன்றைக்குத் துப்புரவுப் பெண்கள் எல்லாரும் துணி தோய்க்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். தோட்டக்காரர் மண்வெட்டியை வைத்துவிட்டு வந்தார்கள். நானா அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். அக்கா நடுவில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

வரவேற்பறையில் பெட்டிகளோடு குடும்பங்கள் வந்து குவிந்தன. பிள்ளைகள் அழுதார்கள். ஒருவர் என் மேசையில் தட்டி, "ஏன் இன்னும் அறை ஆயத்தமில்லை?" என்று கேட்டார்.

"துப்புரவு செய்யிற ஆக்கள் வேலையை நிப்பாட்டியிருக்கினம், ஐயா. அவைக்குச் சேரவேண்டிய பங்கைக் குறைக்கப் பாக்கினம்" என்றேன். பின்னால் நின்ற மனேஜரின் முகம் கறுத்தது.

சாப்பாட்டு நேரம் தாண்டுவதற்குள் முதலாளி கொழும்பிலிருந்து தொலைபேசி எடுத்தார். மனேஜர் கைபேசியைச் சத்தமாக வைத்து, கொட்டகைக்கு முன்னால் பிடித்தார். "பழையபடியே பிரியுங்கோ. இந்தக் கதை பேப்பர்ல வரக்கூடாது" என்றார் முதலாளி. அக்கா கைதட்டினார். பெண்கள் எழும்பி அறைகளுக்கு ஓடினார்கள், பொழுது சாய முன்னர் ஒவ்வொரு கட்டிலிலும் புதுச்சீலை விழுந்தது. அடுத்த நாள் நானா எங்களுக்கென்று தனியாகக் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் போட்டு வட்டிலப்பம் செய்தார். வென்றுவிட்டோம் என்று நினைத்தோம்.

மாரி மழை தொடங்கியது. எங்கள் கரையில் அது விருந்தினர் வராத காலம். அப்போது துப்புரவு, தோட்டம், துணி தோய்த்தல் மூன்றையும் ஆள் வழங்கும் ஒரு கொம்பனிக்கு ஒப்பந்தமாகக் கொடுத்தார்கள். பெண்களைக் கூப்பிட்டுச் சிறு தொகை ஒன்றைக் கையில் வைத்து, இனி நீங்கள் ஹோட்டலின் ஆட்கள் இல்லை, கொம்பனியின் ஆட்கள் என்றார்கள். வேலை அதேதானாம், பெயரில்தான் மாற்றமாம். கொம்பனி ஆட்களுக்கு நாட்கூலி மட்டும். சேவைக் கட்டணத்தில் பங்கில்லை.

முதலாளி சொன்ன வாக்கை மீறவில்லை. பழையபடியே, சமமாகவே பிரித்தார்கள். பிரிப்பதற்குத்தான் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். விருந்தினர் குறைந்த மாதத்திலும் எங்கள் பங்கு முந்தின வருட மாரியை விடக் கூடியிருந்தது. "இந்த முறை பரவாயில்லை, என்ன?" என்று கணக்காளர் சம்பளத் துண்டை நீட்டிச் சிரித்தார். அந்தத் துண்டைக் கிழித்து அவர் மேசையில் போட வேண்டும் போலிருந்தது.

நேரே குசினிக்குப் போனேன். "நானா, திரும்பவும் நிப்பாட்டுவம்" என்றேன்.

அவர் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. "தங்கச்சி, எனக்கும் விளங்குது. ஆனா இனி நிப்பாட்டினா குசினியையும் கொம்பனிக்குக் குடுத்துப்போடுவாங்க. எனக்கு நாலு புள்ளயள்."

"அக்காக்கும் பிள்ளையள் இருக்கினம்தானே."

"ஓம்" என்றார். அடுத்த வெங்காயத்தை எடுத்தார். அன்று அவர்மேலும் எனக்குக் கோபம். வேலையை நிறுத்திய நாளில் அடுப்பை அணைத்துவிட்டு வந்த மனிதரை இப்படிக் குனிந்து வெங்காயம் வெட்டவைத்தவர்கள்மேல் அதைவிடப் பெரிய கோபம்.

எங்களுக்குக் கூடின பகுதியை நாங்களே சேர்த்து அந்தப் பெண்களுக்குக் கொடுப்போம் என்று ஒரு யோசனை சொன்னேன். நானா உடனே தந்தார். பரிமாறுகிறவர்களில் சிலர் தந்தார்கள். மற்றவர்கள் பிறகு பார்ப்போம் என்றார்கள். சேர்ந்ததை ஒரு உறையில் போட்டுக்கொண்டு மேல்மாடி நடைபாதைக்குப் போனேன். அக்கா கொம்பனியின் மண்ணிற உடுப்பில், அதே தள்ளுவண்டியோடு, அதே அறைக்கு முன்னால் நின்றார். சத்தமில்லாமல் நின்றார்.

உறையை நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

"என்ன இது?"

"எங்கட பங்கில கொஞ்சம், அக்கா."

"உங்கட பங்கோ?" அவருடைய குரல் உயர்ந்தது. "அது என்ர காசு. நான் கழுவின கக்கூசுக்கு வந்த காசு. என்ர காசை எனக்கே தானம் பண்ண வாறியளோ? கொண்டு போங்கோ. தாறதெண்டா சம்பளத் துண்டில என்ர பேரைப் போட்டுத் தரச் சொல்லுங்கோ."

வண்டியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். நான் உறையோடு நின்றேன். அவர் ஏசியதில் ஒரு சொல்லும் பிழை இல்லை. இந்த நாட்டில் ஏழைகளுக்கு எதைக் கொடுத்தாலும் மேடை போட்டு, மாலை போட்டு, படம் எடுத்துக் கொடுக்கிறார்கள். முதலில் அவர்களிடமிருந்து எடுத்தபோது யாரும் மேடை போடவில்லை.

நகரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு சட்டத்தரணி அம்மாவிடம் அக்காவைக் கூட்டிப்போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தொழில் திணைக்களத்தில முறைப்பாடு போடலாம். இழுபடும். இடையில உங்களை நிப்பாட்டவும் பாப்பினம். ஏலுமோ?" என்று கேட்டார்.

"வேலை போறதுக்குப் பயந்தனான்தான், அம்மா" என்றார் அக்கா. "ஆனா இப்ப இருக்கிறதுக்குப் பேர் வேலையே?"

அவரோடு வேறு சில பெண்களும் சேர்ந்து முறைப்பாடு கொடுத்தார்கள். சட்டத்தரணி அம்மா சொன்னபடியே நடந்தது. சில வாரங்களில் கொம்பனி அக்காவை வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்தியது. அவர் ஊருக்குத் திரும்பி, அறுவடை வேலைக்குப் போகத் தொடங்கினார்.

அதற்கிடையில் லண்டனிலிருந்து வந்த ஒரு தமிழ் அம்மா பில்லைக் கட்டும்போது என்னிடம் கேட்டார். "பிள்ளை, இந்தப் பத்து வீதம் வேலை செய்யிற ஆக்களுக்குத்தானே போகுது?"

"எனக்குப் போகுது, அம்மா. உங்கட அறையைத் துப்புரவாக்கினவவுக்கு ஒரு சதமும் போகாது."

அவர் மனேஜரைக் கூப்பிட்டுச் சண்டை பிடித்தார். அவர் போன பிறகு எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. விருந்தினரைப் பார்க்கும் வேலையிலிருந்து என்னை எடுத்து, பின்னால் யன்னல் இல்லாத அறையில் தொலைபேசி முன்பதிவுக்குப் போட்டார்கள். தொலைபேசியில் கேட்கிறவர்களுக்கும் நான் அதைத்தான் சொல்கிறேன்.

முதல் விசாரணைக்குச் சாட்சியாகப் போக லீவு கேட்டேன். தரமுடியாது என்றார் மனேஜர். நான் போனேன். அக்கா விடிய வெள்ளென பஸ் ஏறி வந்திருந்தார், பட்டுச் சேலை உடுத்தியிருந்தார். கொம்பனிக்காக வந்த வக்கீல் அவரிடம், "நீங்கள் யாரிடம் வேலை செய்தீர்கள் என்று உங்களுக்கே தெரியுமா?" என்று கேட்டார்.

"கட்டில் ஹோட்டல்ட சொத்து. சீலை ஹோட்டல்ட. தூசி இருந்தா ஏசுறவர் ஹோட்டல் மனேஜர்" என்றார் அக்கா. "உங்கட கொம்பனிக்காரரை நான் இண்டைக்குத்தான் முதல்முதல் காணுறன். அப்ப நான் ஆரிட ஆள்? நீங்களே சொல்லுங்கோ."

வக்கீல் தாள்களைப் புரட்டினார். விசாரணையை இன்னொரு திகதிக்குத் தள்ளிவைத்தார்கள். வெளியே வந்து நாங்கள் இருவரும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தேத்தண்ணி குடித்தோம். காசை அக்கா கொடுத்தார், என்னைக் கொடுக்க விடவில்லை.

விசாரணை இன்னும் முடியவில்லை. நான் சாட்சிக்குப் போன நாளுக்கு என் சம்பளத்தை வெட்டினார்கள், அந்த நாளுக்குரிய சேவைக் கட்டணப் பங்கையும் வெட்டினார்கள். வெட்டிய பங்கு எங்கே போனது என்று கணக்காளரிடம் கேட்டேன். மற்ற எல்லாருக்கும் சமமாகப் பிரித்துப் போட்டதாகச் சொன்னார். மனேஜருக்கும் ஒரு பங்கு போயிருக்கும்.