செம்பு வாஷர்

எண்பதுகளில் பாப்பிரெட்டிப்பட்டியில் நாங்கள் ஒரு பழைய கார் வாங்கியிருந்தோம். ஒரு நாள் மதியம் கம்பைநல்லூரில், என் பிறந்த வீட்டில், தங்கைக்கு நிச்சயம். முதல்முறையாகச் சொந்தக் காரில் போய் இறங்கப்போகிறோம் என்று அன்று காலையிலிருந்தே எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

என் கணவர் காருக்கு அடியில் படுத்து, பழைய என்ஜின் ஆயிலை வடித்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தவர், ஆயில் துளையை அடைக்கிற போல்ட்டைக் காட்டினார். அதிலிருந்த செம்பு வாஷர் நசுங்கி இறுகிப்போயிருந்தது.

“இதையே திரும்பப் போட்டா ஒழுவும். புதுசு வாங்க சேலந்தான் போவணும். பேசாம பஸ்ஸுலயே போயிரலாம்” என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் அது செம்பு என்பது உறைத்தது. என்னைப் பெற்ற அத்தா செம்புப் பாத்திரம் செய்கிறவர். தட்டித் தட்டி இறுகிய தகட்டைப் பழுக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டு இளக வைப்பார்.

“குடுங்க இங்க!” என்று வாங்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். இடுக்கியில் பிடித்து, பம்ப் ஸ்டவ்வில் சிவக்கச் சிவக்கக் காட்டி, தண்ணீரில் போட்டேன். சுர்ரென்றது. உப்புத்தாளால் இரண்டு பக்கமும் தேய்த்துக் கொடுத்தேன்.

நம்பிக்கையில்லாமல்தான் மாட்டினார். புது ஆயிலை ஊற்றி, என்ஜினை ஓடவிட்டு, இருவரும் தரையில் படுத்துப் பார்த்தோம். பத்து நிமிஷமாகியும் ஒரு சொட்டு விழவில்லை.

“மெக்கானிக்கு வூட்டுக்குள்ளயே இருக்காங்க, நாந்தான் சேலம் போவணுங்கறேன்!” என்று சிரித்தார்.

கம்பைநல்லூரில் இறங்கியதும், மாப்பிள்ளை வீட்டாருக்கு சலாம் சொல்வதற்கு முன்பே, அத்தாவை இழுத்துப்போய்க் காருக்கு அடியில் குனிந்து பார்க்கச் சொன்னேன்.