கணக்கில் சேராத துளை

இந்த அமெரிக்க ஊரில் கை குலுக்காமல் எந்தப் பேச்சும் தொடங்காது. செல்வத்தின் வலக்கையைப் பிடிப்பவர்கள் ஒரு விரல் குறைவதை உணர்ந்ததும் இன்னும் அகலமாகச் சிரிப்பார்கள். எதுவும் கேட்க மாட்டார்கள். நம் ஊர் பஸ் என்றால் இரண்டாவது நிறுத்தத்துக்குள் முழுக் கதையையும் வாங்கியிருப்பார்கள். வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்குவதுதான் இப்போது எங்கள் வேலை. போன வாரம் பக்கத்துப் பேர்லேண்டில் நாங்கள் போன வீட்டுக்காரர் மட்டும் "ராணுவமா?" என்றார். செல்வம் புரியாமல் தலையாட்டினான். "உங்கள் சேவைக்கு நன்றி" என்று இருவருக்கும் கோக் கொடுத்தார்.

அவன் திண்டுக்கல்காரன். நான் பத்தாம் வகுப்போடு ஓடிவந்து கப்பல், மோட்டல் என்று அலைந்தவன். இதற்கு முன்பு டெக்சஸின் மேற்குக் கோடியில், ஒரு சின்னத் தங்கக் கம்பெனியின் கொட்டகையில் சேர்ந்து வேலை பார்த்தோம். அந்தக் கம்பெனிக்குச் சுரங்கமே கிடையாது. இருந்ததெல்லாம் பொட்டல் நிலமும் அதில் போட்ட துளைகளும்தான். துளையிலிருந்து வரும் கல் தண்டை நெடுக்காக அறுப்போம். ஒரு பாதி லேபுக்குப் போகும். மறுபாதி பெட்டியில் கிடக்கும். லேப் சொல்வதை வைத்து மண்ணுக்கடியில் எவ்வளவு தங்கம் இருக்கலாம் என்று கணிப்பார்கள். அதுபோன்ற நிலத்தைப் பெரிய கம்பெனிகள் சமீபத்தில் என்ன விலைக்கு வாங்கின என்று பார்ப்பார்கள். தோண்டும் செலவையும் அனுமதி கிடைக்காத ஆபத்தையும் கழிப்பார்கள். சந்தையில் பங்கு விற்கும் விலைக்கு மேல் கொஞ்சம் வைத்தால் கம்பெனி கைமாறும். அதுவரை ஒரு குந்துமணி தங்கத்தையும் யாரும் வெளியே எடுத்திருக்க மாட்டார்கள்.

எல்லாம் லேப் சொல்லும் எண்ணில்தான். நகையிலிருந்து ஒரு துகள் கல்லில் ஒட்டினாலும் அந்த எண் பொய்யாகிவிடும் என்பதால் கொட்டகைக்குள் தங்கம் அணியக் கூடாது. செல்வம் மாப்பிள்ளை மோதிரம் போட்டிருந்தான்.

"கழட்டிருடா" என்றேன்.

"முடியாதுண்ணே. கல்யாணத்துல கலா போட்டுவிட்டது. கழட்டுனா அங்க அவளுக்கு ஏதாச்சும் ஆயிரும்."

மோதிரத்தின் மேலேயே கையுறை மாட்டிக்கொண்டான். அது கிழிந்ததை அவன் கவனிக்கவில்லை.

அடுத்து வந்த லேப் முடிவில் ஒரு துளையில் மட்டும் தங்கத்தின் அளவு எகிறியது. பங்கு விலையும் எகிறியது. தன்னிடமிருந்த எல்லாவற்றையும் அந்தப் பங்கில் போட்டிருந்த மேலாளர் வெய்ன் எங்களுக்குப் பீட்சா வாங்கிக் கொடுத்தார். பிறகு எங்கள் கம்பெனியை வாங்க வந்த பெரிய கம்பெனி, அந்தத் துளையின் பெட்டியில் கிடந்த மறுபாதியைச் சோதித்தது. அதில் ஒன்றுமில்லை. பங்கு விலை விழுந்தது.

வெய்ன் கொட்டகைக்குள் வந்தபோது செல்வம் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். மோதிரத்தைக் கண்டதும் அவன் கழுத்தைப் பிடித்து மேசையில் சாய்த்தார். "யார் உன்னைத் தங்கத்தைக் கலக்கச் சொன்னது?"

"நோ சார். வைஃப் சார், வைஃப்."

அது அவருக்குத் திமிராகப் பட்டது. கல் உடைக்கும் சுத்தியல் மோதிரத்தின் மேல் இறங்கியது. இரண்டாவது அடியில் எலும்பு நொறுங்கியது. கைக்குக் கிடைத்த கல் தண்டால் நான் வெய்னின் வாயில் அடித்தேன். பல்லும் கல்லும் சேர்ந்து உடைந்தன. அவர் என்னைத் தள்ளி விலாவில் பூட்ஸால் மிதித்தார். போலீஸ் வந்து மூவரையும் பிடித்தது.

மோசடி என்று முடிவானால் செல்வத்துக்குச் சிறை, அப்புறம் ஊருக்குத் திருப்பி அனுப்பும் விமானம். ஆஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள். நசுங்கிய மோதிரத்தை போலீஸ் எடுத்துக்கொண்டது. வாங்க வந்த கம்பெனியின் நிலவியல்காரிதான் அவனைக் காப்பாற்றினாள். ஒரு பங்குகூட இல்லாத ஆள், ஒரே ஒரு துளை. ஏமாற்றுகிறவன் மோதிரத்தைப் போட்டுக்கொண்டே நிற்பானா என்று கேட்டாள். வெய்ன் உள்ளே போனார். என்னை விட்டுவிட்டார்கள். கம்பெனியை வாங்கவும் வாங்கினார்கள். அந்த ஒரு துளையை மட்டும் கணக்கிலிருந்து தள்ளிவிட்டு மிச்சத்துக்கு விலை பேசினார்கள்.

மோதிரம் திரும்பி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கலா வீடியோவில் வருவாள்.

"மோதிரத்தக் காட்டுங்க மாமா."

"கையெல்லாம் அழுக்கும்மா."

"எப்பப் பாரு அழுக்கு. அமெரிக்காவுல சோப்பு விக்கிறதில்லையா?"

போனை இடக்கையில் பிடித்தபடி செல்வம் சிரிப்பான். அந்த முகம் திண்டுக்கல்லுக்குத் தெரியும். வலக்கை மேசைக்கு அடியில், டெக்சஸில் இருக்கும்.