வெறும் போத்தலுக்குக் கையெழுத்து

கப்பல்களுக்கு எண்ணெய் கொடுக்கும் வேலையில் எனக்குப் பதினெட்டு வருடம். அதில் நான்கு நாட்கள் மட்டும் சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை.

திருகோணமலையில் கோதுமை இறக்கிவிட்டுப் போன கப்பலொன்றை அடுத்த துறைமுகத்தில் அதிகாரிகள் மறித்துவிட்டார்கள். அதன் தாங்கியில் எடுத்த எண்ணெயில் கந்தகம் நூற்றுக்கு அரை வீதத்துக்கு மேல். அரை வீதம்தான் சட்டம். எண்ணெய் கொடுத்தது எங்கள் பார்ஜ், கப்பலடிக்கு எண்ணெய் கொண்டுபோகும் தட்டைப் படகு. அதில் பொறுப்பாக நின்றவன் நான். கப்பல் கம்பனி எங்கள் மேல் பழியைப் போட்டது. ஓர்ஸ் ஹில்லில் உள்ள எங்கள் அலுவலகத்தில் மனேஜர் என்னை இருக்கக்கூடச் சொல்லவில்லை.

"லேபிளில சைன் எப்ப எடுத்தனீர்? உண்மையைச் சொல்லும்."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எண்ணெய் ஏற்றும்போது கப்பலின் குழாய் வாயில் சொட்டுச் சொட்டாக மாதிரி சேரும். முடிந்ததும் அதைப் போத்தல்களில் பிரித்து, சீல் வைத்து, இரண்டு தரப்பும் லேபிளில் கையெழுத்திட வேண்டும். ஒரு போத்தல் கப்பலுக்கு, ஒன்று எங்களுக்கு. நானோ வெயிலுக்குப் பயந்து, எண்ணெய் திறக்க முதலே கப்பலின் சீஃப் எஞ்சினியரிடம் எல்லா லேபிளிலும் கையெழுத்து வாங்கிவிடுவேன். சுத்தக் கள்ள வேலை. அப்படி வாங்கியது தெரியவந்தால் அந்தப் போத்தலை ஒருவரும் நம்பமாட்டார்கள்.

"இந்தக் கப்பலில நிரப்பினாப் பிறகுதான் சேர்," என்றேன். பொய்யில்லை. ஆனால் பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை. அன்றும் நான் வழக்கம்போல வெறும் போத்தல்களோடு லேபிளை நீட்டினேன்தான். அந்தக் கப்பலின் சீஃப் தூத்துக்குடிக்காரர். வாங்கிப் பார்த்தார், நாலாகக் கிழித்தார்.

"தம்பி, காலி பாட்டிலுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ஐந்து மணித்தியாலம் குழாய்க்குப் பக்கத்தில் நின்றார், என்னையும் நிற்க வைத்தார். மனதுக்குள் அந்த மனுசனை நான் திட்டாத திட்டில்லை.

கப்பலிலிருந்த சீல் போத்தல் சோதனைக்குப் போனது. அதிலும் கந்தகம் கூடவென்றால் என் வேலை போகும். இந்தத் தொழிலில் வேறு கம்பனியும் எடுக்காது. சாம்பல்தீவில் நான் பாதி கட்டின வீட்டைப் பார்த்தபடி நாலு நாள் இருந்தேன்.

ஐந்தாம் நாள் அந்த சீஃப் போன் எடுத்தார். "தம்பி, பாட்டில் ரிசல்ட் வந்துடுச்சு, உங்க எண்ணெய் சரியா இருக்கு. கந்தகம் அதிகமான பழைய ஹெவி ஆயில் எங்க லைன்லதான் தங்கி, இதோட கலந்துடுச்சு. நானே ரிப்போர்ட்ல எழுதிட்டேன்."

"உங்களுக்குப் பிரச்சினை வராதோ, ஐயா?"

"வரும். அதுக்காக உங்க மேல பொய் எழுத முடியுமா?"

போனை வைத்துவிட்டு அழுதேன், வெட்கப்படாமல் சொல்கிறேன். பிறகு இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன்.

இப்போது எந்த வெயிலானாலும், போத்தல் நிரம்பிய பிறகுதான் லேபிளை எடுக்கிறேன். அன்று அவர் நான் நீட்டியதில் பேசாமல் கையெழுத்திட்டிருந்தால், என் எண்ணெய் சுத்தமாக இருந்தும் அதைக் காட்ட என்னிடம் ஒன்றுமே இருந்திருக்காது.