குடும்பத் தலைவரின் கைபேசி எண்

எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் அவளுக்குப் பெயர் மடிப்பு. நீராவியில் வெந்து வரும் படுக்கை விரிப்பை உதறி, மூலைக்கு மூலை சேர்த்து அவள் மடித்து வைத்தால் அளவுகோல் வைத்து வெட்டியதுபோல இருக்கும். அந்த அடுக்கைப் பார்த்த மேற்பார்வையாளர், இதில் படுத்தாலே நோயாளிக்குப் பாதி குணமாகிவிடும் என்று கிண்டல் செய்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. இஸ்திரி இயந்திரத்தின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். இருந்தும் அவள் கதை எனக்குத் தெரியவந்தது வெகு நாள் கழித்துத்தான்.

வேறு ஊரில் அவள் புருஷன் வண்டி பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தான். வெளியாட்களிடம் வாய் நிறையத் தேன். வீட்டுக்குள் வேறு ஆள். மகளுக்குப் பிறவியிலேயே காது மந்தம். கருவி மாட்டினால்தான் கேட்கும். அம்மாவை அடிப்பதற்கு முன் அவன் பிள்ளையின் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுவானாம். சத்தம் கேட்டுப் பிள்ளை பயந்துவிடக் கூடாதாம். அந்தப் பிள்ளை மூலையில் உட்கார்ந்து இரண்டு வாய்களையும் பார்த்துப் பார்த்து, உதட்டசைவிலேயே பேச்சைப் படிக்கக் கற்றுக்கொண்டது.

ஒரு காலை அவன் பட்டறைக்குப் போனதும், ஒரு பையும் மகளுமாக மடிப்பு கிளம்பி வந்துவிட்டாள். பஸ் ஏற்றிவிட்டது அவன் சொந்தத் தங்கை. எங்கே போகிறாய் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. தெரிந்தால் என்றாவது வாயில் வந்துவிடும் என்றாளாம்.

இங்கே வந்தபின் அலையாத ஆபீஸ் இல்லை. காதுக் கருவிக்கு ஒரு கட்டடம், வாடகை உதவிக்கு ஊரின் அடுத்த கோடியில் ஒன்று, பள்ளிச் சலுகைக்கு இன்னொன்று. ஒவ்வொரு கவுன்டரிலும் புருஷனை ஏன் விட்டு வந்தாய் என்று கேட்பார்கள். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். அதனால், எல்லாத் துறைகளையும் ஒரே கணினியில் இணைத்து ஒருங்கிணைந்த சேவை மையம் திறக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், எங்களில் முதல் ஆளாகப் போய்ப் பதிந்தவள் அவள்தான். விரலை வைத்தாள், வேலை முடிந்தது. "இனிமே என் கதையை ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒப்பிக்க வேணாம்" என்று சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சில வாரம் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்கு ஒரு போன் வந்தது. நாத்தனார். கேட்டுக்கொண்டே இருந்தவள் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தாள்.

அண்ணன் போனுக்கு மெசேஜ் வந்திருக்கிறது என்றிருக்கிறாள் நாத்தனார். உங்கள் மகளின் காதுக் கருவிப் பரிசோதனை வரும் வெள்ளிக்கிழமை, இந்த ஊரில், இந்த மையத்தில் என்று. சாப்பிடும்போது எல்லோருக்கும் கேட்க அதை வாசித்தானாம். கோபமே படவில்லையாம். வண்டிக்கு டீசல் போட ஆள் அனுப்பினானாம்.

அவள் ஈரக் கையோடு மையத்துக்கு ஓடினாள். நானும் கூடப் போனேன். கவுன்டரில் நடுத்தர வயதுப் பெண் அதிகாரி, கண்ணாடி போட்டவர். திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அவன் பெயர், பக்கத்தில் அவன் கைபேசி எண். பழைய குடும்ப அட்டையிலிருந்து கணினி தானாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது. எல்லாத் தகவலும் தலைவருக்குத்தான் போகும். அவளைத் தனிக் குடும்பமாகப் பிரித்துப் போட அவனுடைய சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் கோர்ட் உத்தரவு வேண்டும். அவன் சம்மதத்தை எப்படி வாங்குவது என்று மடிப்பு கேட்டாள். அதிகாரி, பரிசோதனைத் தேதியையாவது மாற்றித் தருகிறேன் என்று திங்கட்கிழமைக்கு மாற்றினார். நன்றி சொல்லிவிட்டு வந்தோம்.

மறுநாள் நாத்தனார் மறுபடி கூப்பிட்டாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது என்றாள் மடிப்பு.

"அண்ணி, தேதி மாத்தினதும் அவருக்கு மெசேஜா வந்துடுச்சு. தனக்கு மெசேஜ் வந்தது அவளுக்கு யார் சொன்னதுன்னு கேக்கறாரு. என்னையே பாக்கறாரு அண்ணி. இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடாதீங்க."

அதன்பின் அந்த போன் அணைத்தே கிடந்தது.

அந்த நாட்களில் அவள் மடித்த விரிப்புகள் கோணலாக இருந்தன. வாசலில் ஏதாவது வண்டி வந்து நின்றால் அவள் கை நின்றுவிடும். பரிசோதனையே வேண்டாம் என்று விட்டுவிடவும் வழியில்லை. பிள்ளை வளர்ந்ததில் கருவி காதில் பொருந்தாமல் கீச்சிட்டது, பிறகு ஊமையாகிவிட்டது. பின்னால் வந்த வண்டி ஹாரன் கேட்காமல் தெரு நடுவே போனவளை, கடைக்காரர் ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார்.

மாற்றிய தேதியும் அவனுக்குப் போய்விட்டது என்று அதிகாரிக்குச் சொல்லி அனுப்பினோம். சாயங்காலம் அவரே தன் சொந்த போனிலிருந்து கூப்பிட்டார். கணினியில் எதையும் பதியப் போவதில்லை, புதன்கிழமை காலையில் பின்வாசல் வழியாகப் பிள்ளையைக் கூட்டி வந்துவிடுங்கள், டெக்னீஷியனிடம் பேசிவிட்டேன் என்றார். இது தெரிந்தால் வேலைக்கு உலை என்றும் சொன்னார்.

காது பரிசோதிக்கும் அறை அந்தப் பெரிய கூடத்தின் ஓரத்திலேயே இருந்தது. சத்தம் புகாத சுவர், கூடத்தைப் பார்த்தபடி ஒரு கண்ணாடி. எல்லாச் சேவையும் ஒரே கூரையின் கீழ் என்று பெருமையாகக் கட்டியது. உள்ளே பிள்ளை, அம்மா, டெக்னீஷியன், நான். தற்காலிகக் கருவி மாட்டிப் பார்த்து, காதுக்குள் அச்சு எடுக்கப் பசையை ஊற்றியிருந்தார்கள். அது இறுகும்வரை தலையை அசைக்கக் கூடாது.

அப்போது மடிப்பு என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் உள்ளே இறங்கியது.

கூடத்தில், கவுன்டருக்கு எதிரே அவன் நின்றுகொண்டிருந்தான். வெள்ளிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் காத்திருக்கிற ஆள் இல்லை அவன். துவைத்துத் தேய்த்த சட்டை, படிய வாரிய தலை. அதிகாரியின் முதுகு எங்களைப் பார்த்து இருந்தது; அவன் முகம் நேராகத் தெரிந்தது. சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அறைக்குள் ஒரு சத்தமும் வரவில்லை. டெக்னீஷியன் எங்கள் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் எழுந்து விளக்கை அணைத்தார்.

இருட்டில், தலையை அசைக்காமல், கண்ணை மட்டும் கண்ணாடிப் பக்கம் திருப்பிப் பிள்ளை மெல்லப் பேசியது.

"அப்பா வணக்கம் சொல்றாரு. பொண்ணைப் பாக்கணும்னு சொல்றாரு. அம்மாவுக்கு மனசு சரியில்லையாம். வீடு எங்கேன்னு கேக்கறாரு."

மடிப்பு மகளின் வாயைப் பொத்தப் போனாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள். அதிகாரி என்ன பதில் சொல்கிறார் என்று பிள்ளைக்கும் தெரியவில்லை. முதுகுக்கு உதடு இல்லை. அவன் போனை எடுத்துக் காட்டினான். அதிகாரி எதையோ தட்டினார், திரையை அவன் பக்கம் திருப்பினார். அவன் குனிந்து படித்தான்.

"சரி மேடம், அடுத்த வாரம் வரேன்னு சொல்றாரு" என்றது பிள்ளை. "சிரிக்கறாரு. ஆனா கோபமா இருக்காரு."

அவன் போய்விட்டான். அதற்குப் பிறகும் நாங்கள் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தோம். பசை எப்போதோ இறுகியிருந்தது.

அதிகாரி உள்ளே வந்து கதவைச் சாத்தினார். குடும்பத் தலைவர் கேட்டால் திரையைக் காட்டியே ஆக வேண்டும் என்றார். திரையில் முகவரி என்ற இடத்தில் அவன் வீட்டு விலாசமேதான் இருந்ததாம். அவளுடைய இப்போதைய விலாசம் இருக்கிற வாடகை உதவித் துறையின் தகவல் இன்னும் இணையவில்லை, அதனால் தப்பித்தோம். அடுத்த வாரம் இணைந்துவிடும். அதற்குப் பிறகு அவன் இங்கே வரக்கூட வேண்டாம். தன் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

அந்த வாரம் நாங்கள் ஓடிய ஓட்டம் எனக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரிச் சட்ட உதவி வக்கீல் அவசர மனு போட்டார். அடிபட்ட பழைய தழும்புகளுக்கு எங்கள் டாக்டரம்மா சான்று கொடுத்தார். நீதிபதி கேட்ட கேள்விகளுக்கு மடிப்பு தலையைக் குனிந்தே பதில் சொன்னாள். காதுக் கருவியைக் கழற்றி வைப்பது பற்றிச் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உத்தரவு கைக்கு வந்ததும் ஆட்டோ பிடித்து மையத்துக்குப் போனோம். அதிகாரி எங்கள் கண்ணெதிரே அவளுக்கும் மகளுக்கும் தனிக் குடும்ப எண் போட்டு, விலாசத்தைப் பூட்டினார். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அவள் பெயர் வந்தது. துறைகள் இணைந்தது அதற்கடுத்த நாள்.

இருந்தும் அவள் அந்த வாடகை வீட்டில் இருக்கவில்லை. இப்போது ஆஸ்பத்திரிக் குடியிருப்பில் எனக்குப் பக்கத்து அறை. அவன் மறுபடி ஒருமுறை மையத்துக்கு வந்து, விலாசம் கிடைக்காமல் கத்திவிட்டுப் போனானாம். பிள்ளைக்குப் புதுக் கருவி வந்துவிட்டது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறது.

நாத்தனாரைப் பற்றி மட்டும் ஒரு தகவலும் இல்லை. போன மாதம் மையத்துக்குப் போயிருந்தபோது மடிப்பு அதை அதிகாரியிடம் சொன்னாள். பெயரைச் சொல்லுங்கள், எந்த ஊரில் எந்தச் சேவை வாங்கியிருந்தாலும் இதில் தெரியும், நல்லபடியாக இருக்கிறாளா என்று பார்த்துவிடலாம் என்று அதிகாரி விசைப்பலகையில் கை வைத்தார்.

மடிப்பு எட்டி அவர் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம் மேடம். நீங்க பாத்தது அங்கே யாருக்காவது மெசேஜா போய் விழும்."

அப்படிப் போகாது என்றுதான் அதிகாரி சொல்ல வந்தார். வாய் திறந்தார். பிறகு அவருக்கே நிச்சயமில்லாமல் போயிற்று.